மருதோண்டி படாத நகம்

கல்முனைக்குடியில் றுமைஸாவுக்குப் பெண்களை முகத்தை விடக் காலை வைத்துத்தான் அதிகம் தெரியும். கடைத்தெருவில் முகத்தை மூடிக்கொண்டு போகிறவளைக்கூடச் செருப்புக்கு வெளியே தெரிகிற விரல்களைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடுவாள். “பாஹிமா, கலியாணத்துக்குப் பொறகு என்னை மறந்திட்டியேகா” என்று நடு ரோட்டில் நிறுத்திக் கேட்பாள். பாஹிமாவோ முகத்திரைக்குள் சிரித்துக்கொண்டு, இந்த மனிசிக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தபடி போவாள்.

அவளுடைய தொழில் மருதோண்டி போடுவது. பதினாறு வயதில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் தவறிய வருடம், மாமி மகளின் கலியாணத்துக்கு விளையாட்டாகப் போட்ட கைதான் தொடக்கம். அன்றிலிருந்து இருபத்து நான்கு வருடங்கள். கணவன் ஷிப்லி ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் மீன்பிடி போட்டில் போனால் திரும்பி வர இரண்டு மூன்று கிழமை ஆகும். அவன் இல்லாத நாட்களில் வீட்டை நிமிர்த்தி வைத்திருந்தது இந்த இலைதான். முற்றத்தில் நிற்கிற இரண்டு மரங்களில் இலை பறித்து, தேயிலைச் சாயமும் தேசிக்காய்ப் புளியும் விட்டு அரைத்துக் கோனில் நிரப்புவாள். மணமகளின் காலைத் தலையணையில் வைத்து மடியில் ஏற்றிக்கொண்டால் இரண்டு மணித்தியாலம் இறக்கமாட்டாள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் மணமகள் தன் பயங்களை எல்லாம் சொல்லி முடித்திருப்பாள். காலைப் பிடித்திருக்கிறவளிடம் பொய் சொல்ல யாருக்கும் வராது என்று றுமைஸா சொல்வாள்.

கலியாணம் இல்லாத நாட்களிலும் அவளுக்கு வேலை இருந்தது. நகச்சாயம் பூசினால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற வுழூ நிறைவேறாது. ஆகவே ஐந்து வேளையும் தொழுகிற பெண்கள் நகத்துக்கு நிறம் வேண்டுமென்றால் மருதோண்டிதான் வைப்பார்கள். இளம் பெண்கள் வைப்பார்கள், பேரப்பிள்ளை கண்டவர்களும் வைப்பார்கள். இந்த ஊரில் ஒரு பெண்ணின் கால் நகம் சிவந்தோ கறுஞ்சிவப்பாகவோ இருந்தால் யாரும் இரண்டாவது தரம் பார்க்கமாட்டார்கள்.

அடுத்த ஒழுங்கையில் இருக்கும் சுபைறா அப்படி நகத்துக்கு மட்டும் மருதோண்டி வைக்கிறவள். கணவர் மசூர் சொறிக்கல்முனைப் பக்கம் வயல் செய்கிறார். றுமைஸாவுக்கு அவர் அண்ணன் முறையில் காக்கா, சுபைறா அக்கா முறையில் ராத்தா. சுபைறாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. குரல் பெரிது, அதைவிடப் பெரிது வாய். றுமைஸாவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது ஷிப்லி கடலில் இருந்தான். நாற்பது நாளும் பகல் சோறு சுபைறாவின் வீட்டிலிருந்துதான் வந்தது. ஒரு நாள் றுமைஸா கூச்சத்தோடு, “ராத்தா, இனி நானே சமைக்கிறன்” என்று சொன்னதற்கு, “உன்ட சமையலச் சாப்பிட்டா புள்ள பாலக் குடிக்காதுகா” என்று சுபைறா வாயை அடைத்துவிட்டாள். அந்தச் சோற்றை றுமைஸா ஒரு நாளும் மறந்ததில்லை.

சுபைறாவின் மகள் ஸம்றாவுக்குக் கலியாணம் வந்தது. மணமகளுக்குப் போட்டு முடித்துவிட்டு, தாயின் நகங்களுக்கு வைக்கலாம் என்று றுமைஸா அவளுடைய வலது காலை மடியில் எடுத்தாள். பெருவிரல் நகத்தில் அடியிலிருந்து நுனி வரை ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது. கண்ணுக்கு இடும் சுறுமாக் கோடு மாதிரி மெல்லிசானது. என்ன இது என்று கேட்டாள். நெல் மூட்டை விழுந்திருக்கும், இல்லாவிட்டால் கதவு இடித்திருக்கும், யாருக்கு ஞாபகம் என்றாள் சுபைறா. சம்பந்தி வீட்டுப் பெண்கள் நாளைக்கு வந்து குந்தினால் காலைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதை எப்படியாவது மறைத்துவிடு என்று கேட்டுக்கொண்டாள்.

வீட்டு இலையின் சிவப்பு அந்தக் கறுப்பை மறைக்கவில்லை. றுமைஸாவின் பையில் கடையில் வாங்கிய கறுப்பு மருதோண்டித் தூள் ஒரு சின்னப் பொட்டலம் கிடந்தது. சில மணமகள்கள் பிடிவாதமாகக் கேட்பதால் வைத்திருப்பாள். தலைமயிருக்குப் பூசும் சாயத்தைப் போல ஒரு காரமான மணம் அதற்கு. அதைக் கொஞ்சம் இலையோடு கலந்து பத்து நகத்துக்கும் வைத்தாள். காலையில் பத்தும் ஒரே நிறம், பழுத்த நாவற்பழத் தோல் மாதிரி. சுபைறாவுக்கு அது பிடித்துப்போனது. அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தரமும், இரண்டு பெருநாளைக்கும் அதே நிறத்தைத்தான் கேட்டாள்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கோடு பென்சில் தடிப்புக்கு வந்திருந்தது. அடுத்த வருடம் நகம் முழுவதும் கறுப்பு. நகத்தைச் சுற்றியிருந்த தோலிலும் மை சிந்தியது போல ஒரு நிழல். சுபைறாவுக்கு வலியில்லை. அவள் அதைப் பார்ப்பதும் இல்லை. வயிறு பருத்த உடம்பு, குனிந்து கால் விரலைப் பார்க்கிற பழக்கம் எப்போதோ போய்விட்டது. வுழூவுக்குக் கழுவும்போதும் கைதான் விரலிடுக்கைத் தேடிப் போகும், கண் போகாது. அந்த நகத்தை உற்றுப் பார்த்தது உலகத்தில் ஒரே ஒருத்தி. பார்த்தவள் பயந்துபோனாள்.

பயம் வேறொன்றுக்கு அல்ல. அந்தத் தூள்தான் நகத்தைச் சுட்டுக் கறுப்பாக்கிவிட்டது என்று றுமைஸா நம்பினாள். கறுப்பு மருதோண்டியால் கை வெந்து கொப்பளித்த படங்களை அவள் தொலைபேசியில் பார்த்திருக்கிறாள். சோறு போட்டவளின் காலை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். வெளியில் சொன்னால் ஊர் வாயை மூட முடியாது. றுமைஸாவின் மருதோண்டியால் சுபைறாவின் நகம் செத்துப்போச்சு என்று ஒரு தரம் கதை கிளம்பினால், பிறகு எந்த மணமகளின் கால் அவள் மடிக்கு வரும்? தூளைக் குப்பையில் போட்டாள். அதற்குப் பதிலாக இலையையே கூடுதல் தேயிலைச் சாயத்தில் கறுக்க ஊறவைத்துப் பத்து நகத்துக்கும் வைத்தாள், அந்த நகத்தை மட்டும் ஒவ்வொரு தரமும் தடிப்பாக வைத்து, இரண்டாம் தரமும் வைத்து மூடினாள்.

பிறகு ஒரு நோன்பு மாதத்தில் சுபைறாவின் வலது தொடையடிக் கவட்டில் நெறி கட்டியது. காலில் புண் வந்தால் கவட்டில் நெறி கட்டும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுபைறா காலைத் தடவிப் பார்த்தாள், புண் எதுவும் இல்லை. இடம் அப்படிப்பட்ட இடம் என்பதால் யாருக்கும் காட்டவும் இல்லை. பெருநாள் முடிந்து, அடுத்த பெருநாளும் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு றுமைஸா நகம் சிவக்க வைத்துவிட்டு எழும்பியபோது, சுபைறா நொண்டுவதைக் கண்டாள். அன்றைக்குத்தான் விசயம் வெளியே வந்தது. நெறி கோழி முட்டை அளவுக்கு இருந்தது.

ஒரு மணித்தியாலப் பஸ் தூரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் ஒருவர் பார்த்தார். நெறியில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த பதில், புற்றுநோய். ஆனால் எந்தப் புற்றுநோய் என்பது தெளிவாக வரவில்லை. துண்டில் இருந்த உயிர்க்கலங்களைப் பார்த்தால் நெறியிலேயே பிறக்கிற நிணநீர்ப் புற்றுநோய் போல இருந்தது. அதற்குரிய சோதனைகளைச் செய்தபோது பாதி பொருந்தியது, பாதி பொருந்தவில்லை. அப்படியானால் வேறு எங்காவது தொடங்கி நெறிக்கு வந்திருக்கலாம் என்று கருப்பையைப் பார்த்தார்கள், குடலைப் பார்த்தார்கள், முழு உடம்பையும் ஸ்கேன் செய்தார்கள். தோலை முதல் நாளே பார்த்திருந்தார்கள். அன்றைக்குப் பெருநாள் முடிந்து நாலு நாள். பத்து நகமும் கறுஞ்சிவப்பு, விரல் நுனிகளும் சிவப்பு. மருதோண்டி என்றாள் சுபைறா. பார்த்தவருக்கும் அது மருதோண்டியாகத்தான் தெரிந்தது.

இப்படி மூன்று மாதம் போனது. நெறி வளர்ந்துகொண்டே வந்ததால் டொக்டர்மார் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கூடுதலாக எது போலத் தெரிகிறதோ, அந்த நிணநீர்ப் புற்றுநோய்க்கான மருந்தைத் திங்கட்கிழமை ஏற்றத் தொடங்குவது. அது பிழையான முடிவு என்று சொல்ல முடியாது. கையில் இருந்ததை வைத்து அவர்கள் அப்படித்தான் யோசிக்க முடியும்.

ஸம்றா கட்டாரில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். எனவே வார்ட்டில் சுபைறாவுக்குத் துணையாக நின்றது றுமைஸா. மசூர் காக்கா காலையில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெண்கள் வார்ட்டில் நிற்கக் கூச்சப்பட்டு வெளியே மரத்தடியில் இருப்பார். றுமைஸா தண்ணீர் வார்த்து, வுழூ எடுக்க உதவி, முதுகு பிடித்து, கதை சொல்லிக் காலம் கழித்தாள். சுபைறா மட்டும் எப்போதும் கறுப்புக் காலுறை போட்டிருந்தாள். ஆம்பிளைகள் வந்து போகிற இடம் என்றாள். வுழூவுக்குக்கூடக் காலுறையைக் கழற்றாமல் மேலால் தடவிக்கொள்வாள், அதற்கு மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது என்று. றுமைஸாவுக்கு அது ஒரு வகையில் நிம்மதி. அந்த நகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

வியாழக்கிழமை பத்து மணி போல, சட்டைப் பையில் இரண்டு பேனாவும் கையில் ஒரு கடதாசியுமாக ஒருவர் வார்ட்டுக்குள் வந்தார். தாதிமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கீழ்மாடி ஆய்வுகூடத்தில் இருக்கிற டொக்டர் தங்கராசா. வெட்டி எடுத்த துண்டுகளைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து நோயின் பெயர் சொல்கிறவர். நோயாளிகளின் துண்டுகள் அவரிடம் போகுமே தவிர, அவர் நோயாளிகளிடம் ஏறி வருவது வழக்கமில்லை.

“அம்மா, உங்கட நெறித் துண்ட நான்தான் பாக்கிறன். மூண்டு மாசமாப் பாக்கிறன், என்ன நோயெண்டு இன்னும் எனக்குச் சரியாப் பிடிபடல்ல. ஆனா உங்கள ஒருக்காலும் பாக்கல்ல. அதான் வந்தன்” என்றார்.

“பாருங்க டொக்டர். அந்தத் துண்டத் தவிர மிச்சமெல்லாம் இஞ்சதான் இரிக்கி” என்றாள் சுபைறா.

அவர் சிரித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். உடம்பில் புதிதாக ஏதாவது மச்சம் வந்ததா, இருந்த மச்சம் பெருத்ததா, எப்போதாவது எதையாவது வெட்டி எடுத்தார்களா, ஆறாத புண் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்று வந்தது பதில். உள்ளங்கையைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் தாதியைப் பார்க்கச் சொன்னார். காலில் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை, முந்தியே பார்த்துவிட்டார்கள் என்று சுபைறா காலை மடக்கிக்கொண்டாள். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழும்பினார். வெறும் கையோடு போகிற மனிதனின் முதுகு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முதுகு.

றுமைஸா பிளாஸ்கின் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். மச்சம் என்று அவர் சொன்ன ஒவ்வொரு தரமும் அந்த நகம் கண்ணுக்குள் வந்து நின்றது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. இல்லாவிட்டால், தேவையில்லாமல் தன் தொழிலுக்குத் தானே குழி வெட்டினவள் ஆவாள். இருந்தால், இன்னும் மோசம். தன் தூள்தான் சுபைறாவுக்கு இந்த நோயைக் கொடுத்தது என்றாகிவிடும். ஆனால் திங்கட்கிழமை மருந்து ஏறப்போகிறது. நாற்பது நாள் சோறு போட்ட கையில் அந்த ஊசி ஏறப்போகிறது. அது சரியான மருந்தா என்று கீழ்மாடி டொக்டருக்கே சந்தேகம்.

மூடியைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடினாள். படிக்கட்டின் பாதியில் அவரைப் பிடித்தாள்.

“டொக்டர், நான் ஒரு பிழை செஞ்சிட்டன்.”

அவர் நின்றார். மேலே ஏறுகிறவர்களுக்கு வழி விட்டு, சுவரோரம் ஒதுங்கினார். அவள் கோர்வையில்லாமல் சொல்லத் தொடங்கியதும், அவசரமில்லை, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். அவள் கலியாணத்திலிருந்து சொன்னாள். கோடு எவ்வளவு தடிப்பு, எப்போது அகன்றது, தோலுக்கு எப்போது பரவியது என்று அவர் நடுவில் கேட்டுக் கடதாசியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். இருபத்து நான்கு வருடத்தில், அவள் கண்டதை ஒருவர் இப்படி எழுதிக்கொள்வது அதுதான் முதல் தரம். கடைசியில் அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:

“எனக்கு மருதோண்டியப் பத்தி ஒண்டும் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும். அது நகத்தக் கறுப்பாக்குமா?”

அந்தக் கேள்விக்கு றுமைஸாவுக்குப் பதில் தெரியும். எந்தச் சாயமும் நகத்தின் மேலிருந்துதான் பிடிக்கும். நகம் அடியிலிருந்து வளர்ந்து வரும். மருதோண்டி வைத்துக் கொஞ்ச நாள் போனால், அடியில் புது நகம் வெள்ளையாக முளைத்து, சிவப்பை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போகும். அந்த வெள்ளை எவ்வளவு அகலம் என்று பார்த்துத்தான் அடுத்த தரம் எப்போது என்று அவள் நாள் சொல்வாள். கை நகம் கெதியாய் வளரும், கால் நகம் மெதுவாய் வளரும். இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி.

“அப்ப இவங்களுக்குக் கடைசியா வெச்சது?”

“ஹஜ்ஜுப் பெருநாளைக்கு. மூணு மாசம்.”

“அப்ப அடியில இருக்கிற நகம் மருதோண்டியக் கண்டிருக்காது.”

“ஓம்” என்றாள் றுமைஸா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. தூள் சுட்ட கறுப்பு என்றால், அந்த நகத்தின் அடியும் வெள்ளையாகத்தானே முளைத்திருக்க வேண்டும்? கறுப்பைக் கண்டு பயந்து அவசரமாக மூடிக்கொண்டே வந்ததால், அடியில் புது நகம் என்ன நிறத்தில் முளைக்கிறது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இருவரும் திரும்பி வார்ட்டுக்கு ஏறினார்கள். றுமைஸா கட்டிலின் கால்மாட்டில் இருந்து, கேட்காமலே சுபைறாவின் வலது காலை மடியில் எடுத்தாள். பழகிய பாரம். காலுறையைக் கழற்றினாள். யன்னல் வெளிச்சத்தில் ஐந்து விரலும் தெரிந்தன. நாலு நகத்தில், அடியில் ஒரு நெல்மணி அகலத்துக்கு வெள்ளை நகம் சுத்தமாக முளைத்து, பெருநாள் சிவப்பைத் தள்ளிக்கொண்டு நின்றது. இடது காலின் ஐந்திலும் அப்படியே. வலது பெருவிரலில் மட்டும் வெள்ளை இல்லை. மருதோண்டி ஒரு நாளும் படாத அந்த அடிநகம், வேரிலிருந்தே கரியாக வந்துகொண்டிருந்தது.

றுமைஸா விரலை வைத்து அந்த இடத்தைக் காட்டினாள்.

“இது உங்கட மருதோண்டி செஞ்ச வேலை இல்ல” என்றார் டொக்டர் தங்கராசா. “உள்ளுக்கிருந்து வருது.”

சுபைறா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னகா, ரெண்டு பேரும் என்ட பெருவிரலப் பாத்து மையித்து வீட்டுக்கு வந்தவங்க மாதிரி முழிக்கிறீங்க?”

அதற்குப் பிறகு டொக்டர் கதிரையில் இருந்து சொன்னதை றுமைஸா பின்னாளில் பலருக்குச் சொல்லியிருக்கிறாள். நம்முடைய தோலுக்கு நிறம் கொடுக்கிற கலங்கள் உண்டு. அவற்றில் வருகிற புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். வெள்ளைக்காரருக்கு வெயில் படுகிற இடத்தில் வரும். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு வந்தால், கூடுதலாக உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்துக்கு அடியிலோ வரும். அதுவும் அரிது. பிறந்த இடத்தில் கறுப்பாக இருக்கிற அந்த நோய், நெறிக்கோ ஈரலுக்கோ நகர்ந்து போகும்போது சில வேளை நிறத்தை உதறிவிட்டுப் போகும். அப்போது கண்ணாடிக்குக் கீழே பார்த்தால் நிணநீர்ப் புற்றுநோய் போலவோ, குடலில் இருந்து வந்தது போலவோ, தசையில் வந்தது போலவோ தெரியும். அதைக் கண்டுபிடிக்கிற விசேட சாயங்கள் உண்டு. ஆனால் ஆய்வுகூடத்தில் எல்லாச் சாயத்தையும் எல்லாத் துண்டுக்கும் போட வசதியில்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் அதற்குரியதைக் கேட்டு அனுப்பலாம்.

“இதுதான் எண்டு இப்ப சத்தியம் பண்ண ஏலாது. ஆனா எதத் தேடுறது எண்டு இப்ப தெரியும்” என்று சொல்லிவிட்டு, இந்த முறை படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை ஏற்ற இருந்த மருந்து நிறுத்தப்பட்டது. நகத்துக்கு அடியிலிருந்தும் ஒரு சிறு துண்டு எடுத்தார்கள். நெறித் துண்டு புதிய சாயங்களுக்காகக் கொழும்புக்குப் போனது. பதில் வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் றுமைஸாவுக்கு வேறு ஒரு கணக்கு முடிக்க இருந்தது. சுபைறாவுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். துண்டு போன அன்று பகலே சொன்னாள். தூளைப் பற்றி, கோடு அகன்றதைப் பற்றி, இரண்டு வருடம் தெரிந்துகொண்டே மூடியதைப் பற்றி.

சுபைறா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது றுமைஸாவுக்கு எந்தத் திட்டையும் விட மோசமாக இருந்தது. பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டதும் சுபைறா எழும்பி, வுழூவுக்குத் தண்ணீர் கேட்டாள். அன்று காலுறையைக் கழற்றிக் காலை நீட்டினாள். றுமைஸா தண்ணீர் வார்த்து விரல் விரலாகக் கழுவிவிட்டாள்.

“ரெண்டு வருஷமா இத நெஞ்சில வெச்சிக்கிட்டா என்ட வீட்டுக்கு வந்து போன?”

“ஓம் ராத்தா.”

“பைத்தியம். நெறி மாதிரி அதுவும் வீங்கி வெடிச்சிருக்கும்” என்றாள் சுபைறா. அதற்கு மேல் அன்றைக்கு அதைப் பற்றிப் பேசவில்லை. தொழுது முடித்துக் கையேந்தியபோது துஆ வழக்கத்தைவிட நீண்டது.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நெறியிலும் நகத்தடியிலும் ஒரே நோய். மெலனோமா. டொக்டர் தங்கராசா அதையும் தானே ஏறி வந்து சொன்னார். நல்ல செய்தி போல அதைச் சொல்லலாமா என்று தெரியாத முகத்தோடு சொன்னார். றுமைஸா அழுதாள், மசூர் காக்கா மரத்தடியில் அழுதார். நோய் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நோய்க்கு இப்போது உண்மையான பெயர் இருந்தது. பெயர் தெரியாத ஒன்றுக்குப் பிழையான மருந்தை மாதக்கணக்கில் ஏற்றி, அதற்குள் காலம் கைநழுவிப் போவதை விட அது எவ்வளவோ மேல்.

பெருவிரலை எடுத்தார்கள். கவட்டு நெறிகளையும் துப்புரவாக எடுத்தார்கள். பிறகு துண்டை வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்த இன்னொரு சோதனையில், இந்த நோய்க்குள் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பது தெரிந்தது. அதற்குக் குளிசை ஒன்று உண்டாம். எல்லாருக்கும் வேலை செய்யாது, இந்த மாற்றம் உள்ளவர்களுக்குச் செய்யக்கூடும். சுபைறா அதைத் தினமும் விழுங்குகிறாள். கால் வீங்குகிறது, இறுக்கமான உறை போட வேண்டும், முகம் சில நாள் ஊதுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஸ்கேன். இது நடந்து இப்போது ஒன்றரை வருடம். டொக்டர்மார் சுகம் என்ற சொல்லைச் சொல்வதில்லை. இப்போதைக்கு எங்கும் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். சுபைறா அதை ஒவ்வொரு தரமும் பிறை கண்ட செய்தி போல ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிடுவாள்.

மசூர் காக்கா ஒரு பானை எருமைத் தயிரைத் தூக்கிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனார். சாப்பாட்டுச் சாமான் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வாசலில் மறித்துவிட்டார்கள். டொக்டர் வெளியே வந்து, தேநீர் குடிக்கிற அறைக்குப் பானையை எடுத்துப்போய், எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பிட்டாராம். கண்டுபிடித்தது நான் இல்லை, உங்கள் ஊர் மருதோண்டிக்கார அம்மாதான் என்றாராம். மசூர் காக்கா இதை வந்து சொன்னபோது றுமைஸா ஏற்றுக்கொள்ளவில்லை. நான் பார்த்தேன், ஆனால் பார்த்ததை மூடினேன் என்றாள். டொக்டர் கேட்டார், அதனால்தான் எனக்கே தெரிந்தது என்றாள். அந்த மனிதர் மேல்மாடிக்கு ஏறி வந்ததற்கும், படிக்கட்டில் நின்றதற்கும், தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்கும் அவள் இன்றும் துஆ செய்கிறாள்.

இப்போது அவளிடம் யார் வந்தாலும், கோனை எடுப்பதற்கு முன் யன்னலடிக்குக் கூட்டிப்போய் உள்ளங்கால், உள்ளங்கை, இருபது நகம் எல்லாவற்றையும் பார்ப்பாள். சந்தேகம் இருந்தால் டொக்டரிடம் காட்டிவிட்டு வந்தால்தான் போடுவேன் என்பாள். இதுவரை நாலு பேரை அனுப்பியிருக்கிறாள். ஒருத்திக்குப் பூஞ்சணம், ஒருத்திக்குப் பிறந்ததிலிருந்து இருக்கிற மச்சம், மற்ற இருவருக்கும் உண்மையாகவே கதவு இடித்த காயம். மருதோண்டிக்காரியிடம் போனால் டொக்டரிடம் போகச் சொல்கிறாள் என்று ஊரில் பகிடி பண்ணுகிறார்கள். நாலு பேருக்கும் பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்த நாலு தரமும் றுமைஸா அல்லாஹ்வுக்கு நன்றியாக ஷுக்ர் செய்து இரண்டு றக்அத் தொழுதாள். மணமகள்கள் குறையவில்லை.

போன நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம், சுபைறா கைத்தடியோடு றுமைஸாவின் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் இருந்து, உறையைக் கழற்றி, வலது காலை நீட்டினாள். நகத்துக்கு வை என்றாள். றுமைஸா தயங்கினாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு சுபைறாவின் காலுக்கு அவள் மருதோண்டி வைக்கவில்லை. டொக்டரிடம் கேட்டுவிட்டாயா என்று கேட்டாள். கேட்டேன், இலை மட்டும் என்றால் வைக்கலாம், அடியில் வளர்கிறதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றாள் சுபைறா. அப்போதும் றுமைஸாவின் கை கோனை எடுக்கவில்லை.

“உன்ட விரலக் காட்டுகா” என்றாள் சுபைறா. றுமைஸா காட்டினாள். இருபத்தைந்து வருட இலைச் சாயம் ஏறி, செங்கட்டி நிறத்தில் இருந்தன விரல்கள். “அந்தத் தூள என்ட நகத்துக்கு வெச்சது எந்தக் கையால? இந்தக் கையால. கையுறையும் போடல்ல. இது கறுத்துச்சா? ஒருக்கா உன்ட கையப் பாத்திருந்தா, ரெண்டு வருஷம் அழுதிருக்கத் தேவல்லியே மடச்சி.”

றுமைஸா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கக் காலைப் பார்த்தவள், இதைப் பார்க்கவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சுபைறாவின் காலை மடியில் ஏற்றி, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, ஒவ்வொரு நகத்தின் அடியையும் பார்த்தாள். எல்லாம் சுத்தமான வெள்ளை. சின்னவிரலில் இருந்து தொடங்கினாள். இடது கால் முடிந்தது. வலது காலில் நாலும் முடிந்தது. பழக்கத்தில் கோன் அடுத்த விரலைத் தேடிப் போய், தழும்புக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

“அங்க என்னகா தேடுற?” என்றாள் சுபைறா. “அத ஆஸ்பத்திரிக்குக் குடுத்தாச்சி.”